கோட்டின் உள் ஓரம்

மண்டலப் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே முழக்கோல் மூன்று பேரிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

"என் மச்சினி ஈட்டி எறியறா. நான்தான் அளக்கறேன். யாருக்காவது சந்தேகம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

அதுவரை யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அதற்குப் பிறகு எல்லோருக்கும் வந்துவிட்டது.

வாரநாட்களில் அவர் நில அளவை அலுவலகத்தில் சர்வேயர். முழக்கோல் என்பது அங்கே வைத்த பெயர். பதினோரு வருடமாக அளவு நடுவராகப் போகிற போட்டி மைதானத்துக்கும் அது கூடவே வந்துவிட்டது. பக்கத்து மனைக்காரர்கள் இரண்டு பேர் சிரித்துப் பேசிக்கொண்டால் எங்கோ ஒரு எல்லைக்கல் நகர்ந்திருக்கிறது என்று முடிவு கட்டுகிறவர். ஈட்டி அளக்கும் இடத்திலும் அதே கண். டேப்பை இழுப்பவன் கொஞ்சம் தளர்த்துகிறானோ, குத்திய அடையாளத்தை யாராவது செருப்புக் காலால் தள்ளிவிட்டார்களோ, காற்றே ஒரு பக்கமாகப் பேசி வைத்துக்கொண்டு அடிக்கிறதோ என்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஈட்டி ஒன்றுதான். ஆனால் அது போய் விழுகிற தூரம் போட்டிக்குப் போட்டி வேறு. பள்ளிப் போட்டியில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவார்கள். காலையில் நாலு விரல் அகலம் இருக்கும் கோடு, மதியத்துக்குள் பத்துப் பேர் மிதித்து ஒரு முழத்துக்குப் பரந்திருக்கும். விளையாட்டு ஆசிரியர் அதன் நடுவில் எங்கோ காலை வைத்து, "முப்பத்தி ஒண்ணு… சரி, முப்பத்தி ரெண்டுன்னு போடு, பாவம்" என்பார். வட்டாரப் போட்டியில் பாவம் பார்க்க மாட்டார்கள். துணி டேப் இருக்கும், அதில் முதல் அரை மீட்டர் அழிந்திருக்கும். மண்டலப் போட்டிக்கு வந்தால் எஃகு டேப், தரையோடு தரையாகப் பதித்த, வில்போல் லேசாக வளைந்த வெள்ளைப் பலகை, ஆளுக்கொரு அடையாள அட்டை. தூரத்தில் சென்டிமீட்டர் சுத்தம் வர வர, நடுவர்கள் கழுத்தில் தொங்கும் நாடாக்களும் அதிகமாகிக்கொண்டே போகும்.

மண்டலத்தின் தலைமை நடுவரை எல்லோரும் 'கோட்டு சார்' என்றுதான் சொல்வார்கள். எந்த வெயிலிலும் நீலக் கோட்டைக் கழற்றாதவர். கோட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று இதுவரை யாரும் பார்த்ததில்லை. அதில் நாலு பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு விதிப் புத்தகம். எதையும் பிரித்துப் பார்த்து யாரும் கண்டதில்லை.

மச்சினிக்கு இருபத்தெட்டு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடிச் சில்லுகளை அளவுக்குத் தேய்க்கிற வேலை. தேசியப் போட்டிக்குப் போக ஐம்பது மீட்டர் வேண்டும். போன வருடம் 49.81 எறிந்தாள். அதற்கு முந்தின வருடம் 49.60. அடுத்த வருடத்திலிருந்து தகுதித் தூரம் ஐம்பத்து மூன்று என்று அறிவித்தாகிவிட்டது. அவளால் ஐம்பத்து மூன்று எறிய முடியாது. அது அவளுக்கும் தெரியும், அவள் தோள்பட்டைக்கும் தெரியும். ஆக, போனால் இந்த வருடம். இல்லையென்றால் கண்ணாடிச் சில்லு.

போட்டி நாளன்று அளவுக் கோட்டிலிருந்து பத்தடி தள்ளி ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிர் அணியின் பயிற்சியாளர். எதற்கெடுத்தாலும் ஊதுவதால் அவருக்கு 'விசில்' என்று பெயர். அவருடைய வீராங்கனை இரண்டாவது எறிதலிலேயே ஐம்பத்திரண்டைத் தாண்டித் தகுதி பெற்றுவிட்டாள். அவருக்கு இனி அங்கே வேலை இல்லை. ஆனாலும் கைபேசியை முழக்கோலின் கையை நோக்கிப் பிடித்தபடியே இருந்தார்.

"என்ன சார், படம் எடுக்கறீங்க?" என்றார் முழக்கோல்.

"சும்மா. ஞாபகார்த்தம்."

"என் கட்டைவிரலையா?"

"அழகா இருக்கு சார்."

முழக்கோலுக்கு உள்ளூரச் சந்தோஷம். பார்க்கட்டும். நன்றாகப் பார்க்கட்டும்.

மச்சினியின் ஐந்தாவது எறிதல். ஈட்டி கையை விட்டதுமே அவள் கத்திய கத்தலில் தெரிந்தது, அதுதான் அவளுடைய நாள். உதவி நடுவராக மைதானத்தில் நின்ற ஒரு பள்ளிக் கணக்கு டீச்சர் ஓடிப்போய், முனை முதலில் குத்திய இடத்தில் டேப்பின் பூஜ்யத்தை வைத்தார். டேப் வெள்ளைப் பலகையைத் தாண்டி, ஓடுபாதையில் எட்டு மீட்டர் பின்னால் அடித்திருக்கும் ஆணிவரை இழுக்கப்பட்டது. முழக்கோல் பலகையருகே மண்டியிட்டார். மைதானமே அவர் முதுகைப் பார்த்தது. கட்டைவிரலைப் பலகையின் ஓரத்தில் வைத்து அழுத்தினார். ஒரு முறை படித்தார். கண்ணை மூடித் திறந்து மறுபடியும் படித்தார்.

"நாற்பத்தொன்பது, தொண்ணூத்தி நாலு."

யாரோ கை தட்டினார்கள். கோட்டு சார் நடந்து வந்து, எல்லோர் முன்னாலும் முழக்கோலின் தோளில் கை வைத்தார்.

"ஆறு சென்டிமீட்டர்! சொந்த மச்சினி! இவரய்யா நடுவர்!"

ஆறாவது எறிதலில் மச்சினி வேகத்தை அடக்க முடியாமல் பலகையை மிதித்துவிட்டாள். சிவப்புக் கொடி. அதோடு முடிந்தது.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் முழக்கோல் பாராட்டுக்காகக் காத்திருந்தார். மனைவி கரண்டியைப் போட்ட சத்தத்திலேயே அது வராது என்று தெரிந்துவிட்டது. மச்சினி குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நேர்மைன்னா சில சமயம் வீட்டுக்கும் வலிக்கத்தான் செய்யும்" என்று தொடங்கினார்.

"மாமா" என்றாள் மச்சினி, நிமிராமல். "ஒண்ணு கேக்கணும். கட்டைவிரலப் பலகையோட எந்தப் பக்கம் வச்சீங்க?"

"எந்தப் பக்கம்னா? உள் பக்கம். விதியிலேயே இருக்கு, 'உள் ஓரம்'னு."

"அதான் எந்தப் பக்கம்? நான் ஓடி வர்ற பக்கமா, ஈட்டி விழற பக்கமா?"

"ஈட்டி விழற பக்கம்தான். எந்த நிலத்த அளக்கறோமோ அதுதான் உள்ளே. வேலிக்கு அந்தாண்ட இருக்கறது வெளியே. முப்பது வருஷமா அளக்கறேன், எனக்குத் தெரியாதா?"

மச்சினி தன் தட்டைத் தூக்கி அவர் முன்னால் வைத்தாள்.

"இது வட்டம். எட்டு மீட்டர் பின்னால ஆணி இருக்குல்ல, அதான் இந்தத் தட்டோட நடு. அந்த வெள்ளப் பலகை இந்த விளிம்புல ஒரு துண்டு. இப்பச் சொல்லுங்க மாமா, தட்டோட உள் ஓரம் எது?"

முழக்கோல் தட்டைப் பார்த்தார்.

"சாப்பாடு இருக்கற பக்கம்" என்றாள் மனைவி, அடுப்பங்கரையிலிருந்தே.

பலகையின் அகலம் ஏழு சென்டிமீட்டர் என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். சோற்றில் வைத்த கை அப்படியே இருக்க, கணக்கு தானாக ஓடி முடிந்தது. ஐம்பது, பூஜ்யம் ஒன்று.

"பதினோரு வருஷம்" என்று முனகினார். "எவனும் கேக்கலியே."

"கூட அளந்திருந்தா கேட்டிருப்பாங்க" என்றாள் மனைவி. "குறைச்சு அளந்தா ரொம்ப நல்லவர்னு சொல்லுவாங்க. நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ளதானே தேசியப் போட்டிக்குப் பட்டியல் போகணும்? இப்பவே அந்தக் கோட்டுக்குப் போன் போடுங்க."

போட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, தன்னால் ஒரு தவறு நேர்ந்துவிட்டது, ஏழு சென்டிமீட்டர் சேர்க்க வேண்டும் என்று விளக்கினார்.

"வீட்ல பிரச்சினையா?" என்றார் கோட்டு சார்.

"இல்ல சார், உள் ஓரம்ங்கறது…"

"புரியுது. எனக்கும் மச்சினி இருக்கா. மத்தியானம் அம்புட்டு பேருக்கு முன்னாடி உங்களப் பாராட்டினேன். இப்ப சாப்பிட்டு முடிச்சதும் ஏழு சென்டிமீட்டர் கூடிடுச்சுன்னா நான் என்ன நினைக்கணும்? நீங்க பேசினத நான் கேக்கலன்னு வச்சுக்கறேன். அதுதான் உங்களுக்கு மரியாதை."

வைத்துவிட்டார்.

முழக்கோல் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் தன் சந்தேகத்தை அவரிடமே நேராகச் சொல்லியிருக்கிறார். அதுவும் அவர் உண்மையைச் சொன்ன அன்று.

"சாட்சி வேணும்" என்றாள் மச்சினி. "மாமா எந்த ஓரத்துல விரல் வச்சாருன்னு பாத்தவங்க வேணும்."

"என் கட்டைவிரல யாரு பாத்துட்டிருக்கப் போறாங்க?" என்று சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். "விசில்."

"அந்தாளு தரமாட்டான்" என்றாள் மச்சினி. "நமக்கு நல்லது நடக்கும்னு தெரிஞ்சா அழிச்சிடுவான்."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஈட்டியைப் பற்றி எதுவும் தெரியாது. மனிதர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

"கேட்டாத்தானே தரமாட்டான்? என்னங்க, நாளைக்குக் காலையில அவன்கிட்டப் போய், அந்த வீடியோவ யாருக்கும் காட்டிடாதீங்கன்னு கெஞ்சுங்க."

"நானா? கெஞ்சறதா?"

"ஆமா. கொஞ்சம் வேர்க்கட்டும். அது உங்களுக்குத் தானா வரும்."

மறுநாள் காலை பத்து மணிக்கு மைதானத்து அலுவலகத்தின் வாசலில் முழக்கோல் விசிலை மடக்கினார். ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோயின. அதுவே நல்லதாகப் போயிற்று.

"சார்… நேத்து நீங்க எடுத்த வீடியோ…"

விசிலின் கண்கள் ஒடுங்கின. "ஏன்? அதுக்கென்ன?"

"அஞ்சாவது எறிதல்… என் விரல் இருந்த இடம்… பெரிய தப்பு நடந்துபோச்சு சார். தலைமை நடுவருக்குத் தெரிஞ்சா என் அட்டையப் பிடுங்கிடுவாங்க. தயவுபண்ணி அழிச்சிடுங்க."

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கடைசி வாக்கியத்தைத் தவிர.

"அப்படிப் போடு!" என்றார் விசில். "எனக்கு அப்பவே தெரியும் சார். நாற்பத்தொன்பது தொண்ணூத்தி நாலுன்னு சொல்லி நாடகம். நிஜமா நாற்பத்தெட்டோ என்னவோ!"

அரை மணி நேரத்துக்குள் கோட்டு சாரின் மேசையில் எழுத்துப்பூர்வமான புகார் இருந்தது. 'நடுவர் தவறான ஓரத்தில் விரலை வைத்து அளந்துள்ளார். காணொளி ஆதாரம் உள்ளது. விதிப்படி சரியான தூரத்தைக் கணக்கிட்டு இன்றே அறிவிக்க வேண்டும்.' கீழே கையெழுத்து, தேதி, நேரம். கணக்கு டீச்சர் அதை வாங்கி, பதிவேட்டில் எண் போட்டு, முத்திரை குத்தினார். அவர் முத்திரை குத்தினால் குத்தியதுதான்.

கோட்டு சார் வீடியோவை மூன்று முறை பார்த்தார். கட்டைவிரல் பலகையின் வெளி விளிம்பில், ஈட்டி விழும் பக்கத்தில், சின்ன மூட்டையைப்போல உட்கார்ந்திருந்தது.

"எல்லாரும் மைதானத்துக்கு வாங்க" என்றார்.

பலகையைச் சுற்றி நாலு பேர் நின்றார்கள். மச்சினி கொஞ்சம் தள்ளி நின்றாள், கையைக் கட்டிக்கொண்டு. மணி பதினொன்று இருபது. கோட்டு சார் முதல் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். அதன் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. டீச்சர்தான் பிரித்துக் கொடுத்தார்.

"'வளைவின் உள் ஓரம்'" என்று உரக்கப் படித்தார். பலகையைப் பார்த்தார். மைதானத்தைப் பார்த்தார். மேலே வானத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "இதுல என்ன இருக்கு? மைதானத்துக்கு உள்ளே இருக்கறது உள் ஓரம். முழக்கோல் வச்சிருக்கறது அதுலதானே? சரியாத்தான் அளந்திருக்கார்!"

பதினோரு வருடமாக முழக்கோல் நினைத்ததையே இந்த மனிதரும் நினைக்கிறார்!

"அதெப்படி சார் சரி?" என்று விசில் பாய்ந்தார். "அவரே தப்புன்னு ஒத்துக்கிட்டார் சார்! காலையில என்கிட்டக் கெஞ்சினார்!"

"கெஞ்சினீங்களா?"

"கெஞ்சினேன் சார்."

"எதுக்கு? சரியா அளந்ததுக்கு எவனாவது கெஞ்சுவானா?" கோட்டு சாரின் பார்வை முழக்கோலிலிருந்து மச்சினிக்குப் போய், அங்கிருந்து விசிலுக்கு வந்தது. "நீங்க ரெண்டு பேரும் சேந்து ஏதாவது பண்றீங்களா?"

"இவரோடயா? நானா?" விசிலுக்குக் குரல் உடைந்தது. "டீச்சர், நீங்க சொல்லுங்க!"

கணக்கு டீச்சர் ஓடுபாதையில் பின்னோக்கி நடந்துபோய், எட்டு மீட்டர் தள்ளி ஆணிமேல் நின்றார். அங்கிருந்து கூப்பிட்டார்.

"சார், நான் இப்ப எங்க நிக்கறேன்?"

"ஓடுபாதையில."

"வட்டத்துக்கு நடுவுல சார். அந்தப் பலகை என்னைச் சுத்திப் போட்ட வட்டத்துல ஒரு துண்டு. நான் வட்டத்துக்கு உள்ளே இருக்கேனா, வெளியே இருக்கேனா?"

"நடுவுல இருக்கறவங்க வெளியே எப்படி இருப்பாங்க?" என்றார் கோட்டு சார் எரிச்சலோடு. சொல்லி முடித்ததும் முகம் மாறியது. பலகையின் இந்தப் பக்கத்தைப் பார்த்தார். அந்தப் பக்கத்தைப் பார்த்தார். புத்தகத்தை மூடினார். "அதைத்தான் நானும் ஆரம்பத்துலேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்."

யாரும் மறுக்கவில்லை. மணி பதினொன்று முப்பத்தைந்து.

அளவுகோலைப் பலகைக்குக் குறுக்கே வைத்துப் பார்த்தார்கள். சரியாக ஏழு.

"ஆக, தப்பான ஓரம்!" என்று விசில் ஒரு தடவை ஊதினார். "நான் சொன்னேன்ல? எழுதுங்க டீச்சர். எவ்வளவு குறையுது?"

"குறையல சார். கூடுது."

"என்னது?"

"விழுந்த இடத்துலேருந்து பலகையோட இந்த ஓடுபாதைப் பக்கத்து ஓரம் வரைக்கும் வரணும். அவர் அந்த ஓரத்துலேயே நிறுத்திட்டார். ஏழு சேக்கணும். ஐம்பது, பூஜ்யம் ஒண்ணு."

விசில் அந்தப் பெயருக்குக் காரணமான கருவியை வாயிலிருந்து எடுத்தார். மச்சினியைப் பார்த்தார். முழக்கோலைப் பார்த்தார். ஏதோ ஒன்று மெல்ல மெல்ல அவருக்குள் இறங்கியது.

"நான் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்."

"முத்திரை குத்தியாச்சு" என்றார் டீச்சர்.

"நீங்க கெஞ்சினது நடிப்பா சார்?"

"பயந்தது நிஜம் சார்" என்றார் முழக்கோல்.

"உங்க வீராங்கனைக்கும் ஏழு கூடுது" என்று டீச்சர் ஆறுதல் சொன்னார். விசில் அதைக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அதைக் கொட்டை எழுத்தில் எழுதும்படி கேட்டுக்கொண்டார். மற்றவர்களுக்கும் சேர்த்துப் பார்த்தார்கள். வேறு யாரும் ஐம்பதைத் தொடவில்லை.

"பழைய வருஷங்கள்?" என்று டீச்சர் கேட்டார்.

"பழசை எதுக்குத் தோண்டணும்?" என்று கோட்டு சார் அவசரமாகச் சொன்னார். "போன வருஷத்து மண்ணு போன வருஷத்தோட போச்சு."

முழக்கோலுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்தது. ஏழெட்டு வருடம் முன்பு, மூன்று சென்டிமீட்டரில் தவறிய ஒரு பெண். அளவைக் கேட்டதும் காலணியைக் கழற்றி ஈட்டிப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடந்துபோனாள். பிறகு அவள் எந்தப் போட்டிக்கும் வரவில்லை. அன்றைக்கும் கோட்டு சார் அவர் தோளில் கை வைத்திருந்தார்.

அலுவலகத்தில் திருத்தப் படிவத்தைத் தட்டச்சு செய்து வைத்தார்கள். மணி பதினொன்று ஐம்பது. பழைய தூரம் 49.94, திருத்திய தூரம் 50.01, காரணம் என்ற கட்டத்தில் 'நடுவரின் கவனக்குறைவு.' கீழே அளவு நடுவர் கையெழுத்துப் போட வேண்டும். மேலே கோட்டு சார் ஏற்கெனவே போட்டுவிட்டார், இரண்டு வரி நீளத்துக்கு.

முழக்கோல் பேனாவைத் திறந்தார். படித்தார். மூடினார்.

"இது சரியில்ல சார்."

"என்ன சரியில்ல?"

"கவனக்குறைவு இல்ல சார். நான் ரொம்பக் கவனமா அளந்தேன். ரெண்டு தடவ படிச்சேன். பதினோரு வருஷத்துல ஒரு தடவகூட விரல் அசையல. புரிஞ்சுக்கிட்டது தப்பு, அவ்வளவுதான். 'பொருள் கொண்டதில் பிழை'ன்னு மாத்துங்க."

"பொருளெல்லாம் கொண்டீங்கன்னா விசாரணைக் குழு போடணும்" என்றார் கோட்டு சார். "அது மூணு மாசம். கவனக்குறைவுன்னா இப்பவே அனுப்பிடலாம். அட்டைய மட்டும் கழட்டி வச்சிட்டுப் போயிடுங்க."

"அட்டையக் கழட்டறேன் சார். ஆனா அந்த வார்த்தை… முப்பது வருஷத்துல என்னை யாரும் அந்த வார்த்தை சொன்னதில்ல."

சுவரிலிருந்த கடிகாரத்தில் முள் ஒரு கோடு நகர்ந்தது. கோட்டு சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மச்சினி மேசையருகே வந்தாள். அவள் அவரை அதட்டவுமில்லை, கெஞ்சவுமில்லை.

"மாமா, நேத்து நான் எறிஞ்சது ஐம்பது பூஜ்யம் ஒண்ணு. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கவனக்குறைவா கவனமான்னு நம்ம வீட்டுல வச்சு அக்காகிட்டத் தீர்ப்பு கேட்டுக்கலாம்."

"அவ என்ன தீர்ப்பு சொல்லுவான்னு எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும். போடுங்க."

முழக்கோல் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். படிவத்தை நேராக நிமிர்த்தி, கையெழுத்துக்கென்று விட்டிருந்த கோட்டுக்கு மேல், மிகுந்த கவனத்துடன், ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். மச்சினி அதைப் படிக்கக்கூட நிற்கவில்லை. படிவத்தைப் பறித்துக்கொண்டு, பட்டியல் அனுப்புகிற அறையை நோக்கி ஓட ஆரம்பித்திருந்தாள்.